மலைக்குடில்களை வரையப் போகிறவர்களுக்கு: ஓவியரின் பதில்கள்

உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் பிண்டாரிப் பனியாற்றுக்குச் செல்லும் பாதையில், ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு நடந்து, வழியில் உள்ள குடில்களைக் கோட்டோவியங்களாக வரைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

மலைக்குப் போகிற ஓவியர் சிகரத்தைத்தானே வரைய வேண்டும்? எதிரே நந்தா கோட் நிற்கும்போது, தகரக் கூரை போட்ட அரசு விடுதியில் வரைய என்ன இருக்கிறது?
— கரோல் பாக் வாசகி ஒருவர்

6,861 மீட்டர் உயரமுள்ள நந்தா கோட்டை வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியாக வரையப்பட்ட சிகரம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்பவரால் அளக்க முடிவதில்லை. அதன் அடியில் ஒரு கதவும் ஒரு புகைபோக்கியும் தெரிந்தால்தான் மலைக்கு அளவு கிடைக்கிறது. இது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமானது. நகரத்தில் ஒரு வீடு எங்கே நிற்கிறது என்பதை மனையின் விலை தீர்மானிக்கிறது. மலையில் ஒரு குடில் நிற்கும் இடத்தைத் தண்ணீரும், வெயிலும், காற்றின் திசையும், பனிச்சரிவு இறங்கும் தடமும், ஒரு மனிதன் சுமையோடு ஒரு பகலில் நடக்கக்கூடிய தூரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. துவாலி விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிண்டார் ஆறும் கஃப்னி ஆறும் கூடும் இடத்தில் அது இருக்கிறது. இரண்டு பனியாறுகளுக்குப் போகும் பாதைகளும் அங்கேதான் பிரிகின்றன என்பதால், அங்கே ஒரு கூரை தேவைப்பட்டது. கட்டடத்தை மட்டும் அச்சு அசலாக வரைந்து இரண்டு ஆற்றையும் விட்டுவிட்டால், அந்தப் படம் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக் காத்திருப்பு அறையாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு குடிலை அடைந்ததும் நான் முதலில் தாளை எடுப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது, விறகு எந்தச் சுவரின் பக்கம் அடுக்கப்பட்டிருக்கிறது, பாதை எந்த மூலையில் வந்து சேர்கிறது என்று ஒரு முறை சுற்றி வருவேன். விறகு அடுக்கிய பக்கம் பெரும்பாலும் மழைச்சாரல் படாத பக்கம். கதவு பெரும்பாலும் வெயில் முதலில் விழும் பக்கம். இவை தெரிந்த பிறகு எதைப் படத்தில் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் குழப்பம் இருப்பதில்லை. பத்துக் குடில்களைப் பத்துப் பக்கங்களில் ஓட்டமாக வரைந்து திரும்புவதைவிட, ஒரே குடிலில் இரண்டு இரவுகள் தங்கி அதை நான்கு புறங்களிலிருந்தும் வரைவது மேல் என்பது என் கட்சி. மலையேறும் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு அடுத்த கணவாய் அவசரம்.

எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, ஓய்வு பெற்றவன். முழங்கால் அவ்வளவு நன்றாக இல்லை. தில்லியிலிருந்து இந்தப் பாதைக்கு எப்படிப் போவது? என்னால் முடியுமா?
— ராமகிருஷ்ணபுரம் வாசகர்

பழைய தில்லி நிலையத்திலிருந்து இரவில் புறப்படும் ராணிகேத் எக்ஸ்பிரஸ் உங்களைக் காலையில் காட்கோதாமில் இறக்கிவிடும். அங்கிருந்து அல்மோரா வழியாகப் பாகேஷ்வருக்குப் பங்கு ஜீப்புகள் கிடைக்கும். அன்றைக்குப் பாகேஷ்வரிலேயே தங்கிவிடுங்கள். மறுநாள் கப்கோட்டைத் தாண்டிக் கர்கியா வரை வண்டியில் போய்விடலாம். காத்தி கிராமம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் போனால் தாகுரியைத் தவறவிடுவீர்கள். சுமார் 2,680 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே புல்வெளியில் இருக்கும் தாகுரி விடுதி, அந்தப் பாதையிலேயே வரைவதற்கு மிகச் சிறந்தது என்பது என் எண்ணம். அதற்கு லோஹார்கேத்திலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். முழங்கால் இடம் கொடுக்குமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால், இரண்டு கைத்தடிகளைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மூட்டையைக் கோவேறு கழுதையிடமோ சுமைகூலியிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

காத்தி சுமார் 2,200 மீட்டர், துவாலி சுமார் 2,575, ஃபுர்கியா சுமார் 3,260 மீட்டர். தில்லியோ கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை யாருக்கும் வரலாம். வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், கூடினால் இறங்க வேண்டும். ஓவியருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: வரைகிறவர் இயல்பாகவே மெதுவாகப் போகிறவர். துவாலியோடு நிறுத்திக்கொண்டாலும் உங்கள் தாள்கள் நிறைந்துவிடும்.

புராஞ்ச் மரங்கள் சிவப்பாகப் பூத்திருப்பதைக் காண வேண்டுமானால் மார்ச், ஏப்ரல். தெளிந்த வானமும் கூர்மையான நிழலும் வேண்டுமானால் அக்டோபர். மழைக்காலத்தில் போகாதீர்கள், அட்டைகளும் மண்சரிவும்தான் மிச்சம்.

நான் வரையும் மலைவீடுகள் சரிவில் வழுக்கி விழப்போவதைப் போலவே தெரிகின்றன. என்ன செய்வது?
— மயூர் விஹார் வாசகி

தரையின் சரிவையும் கட்டடத்தின் கிடைக்கோடுகளையும் ஒன்றாகக் கருதுவதால் வரும் கோளாறு இது. மலை எப்படிச் சரிந்தாலும் வீட்டின் தளம் கிடையாகத்தான் இருக்கும். சரிவை ஈடு செய்வது அடித்தளக் கல்மேடை: பள்ளத்தின் பக்கம் அது ஆள் உயரம்கூட இருக்கும், மேட்டுப் பக்கம் சில இடங்களில் கூரையின் விளிம்பே மண்ணைத் தொட்டுவிடும். இந்த ஏற்றத்தாழ்வை வரைந்துவிட்டால் வீடு தானாகவே ஊன்றி நிற்கும்.

அடுத்தது கண்மட்டக் கோடு. கீழேயிருந்து ஏறி வரும்போது குடில் முழுவதும் உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. ஆகவே உங்களை விட்டு விலகிச் செல்லும் கூரைக்கோடும் தளக்கோடும் இரண்டுமே கீழ்நோக்கி இறங்க வேண்டும். கணவாயிலிருந்து இறங்கும்போது இதற்கு நேர் எதிர்: கூரையின் மேற்பரப்புதான் படத்தில் பெரிய வடிவம், விலகிச் செல்லும் கோடுகள் மேல்நோக்கி ஏறும். சமவெளியில் பழகிய கை, கண்மட்டக் கோட்டைக் கதவின் நடுவில் போட்டுவிடுகிறது. தாளின் எந்த உயரத்தில் உங்கள் கண்மட்டம் இருக்கிறது என்பதை மெல்லிய பென்சில் கோடாக முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது தாளுக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, எங்கே போனது என்று தெரிந்திருந்தால் போதும்.

தகரக் கூரையின் ஒவ்வொரு மடிப்பையும் வரைய வேண்டாம். நிழல் விழும் விளிம்பில் மட்டும் மடிப்புகளைக் காட்டினால் மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும். தகரம் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால், காலையில் அது வெளிறிய நீலம். சாம்பலைப் பூசிக் கெடுத்துவிடாதீர்கள்.

குளிரில் நீர்வண்ணம் வேலை செய்யுமா? என்னென்ன பொருள்களை எடுத்துச் செல்கிறீர்கள்?
— ஜனக்புரி வாசகர்

நீர்வண்ணத்துக்குக் குளிர் இரண்டு வகையில் தொல்லை. மேகமும் ஈரமும் சூழ்ந்த பிற்பகலில் தாள் காயவே காயாது. உறைநிலைக்குக் கீழே போன விடியலில் பூசிய நீர் தாளிலேயே பனிப்படிகமாகிவிடும். சிலர் அந்தப் படிகக் கோலத்தையே விரும்பி விட்டுவிடுகிறார்கள். விரும்பாதவர்கள் நீரில் சிறிது வோட்கா கலப்பது பழைய வழக்கம். சாராயம் கலந்த நீர் எளிதில் உறையாது. அது வேண்டாம் என்பவர்கள் நீர்ப்புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வெயில் வந்த பிறகு வண்ணத்தைத் தொடலாம். விடியலுக்குப் பென்சில் போதும். பென்சிலுக்கு வெப்பநிலை ஒரு பொருட்டே அல்ல.

மை ஊற்றும் பேனாவை எடுத்துச் செல்கிறவர்கள் அதை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ, முள் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், பாதி நிரம்பிய பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். மலைக்கடைகளில் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள் உப்பி நிற்பதும் இதனால்தான்.

மற்றபடி சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில் கைக்கடக்கமான ஏடு, 2பி, 4பி பென்சில்கள், ஒரு சிறு வண்ணப்பெட்டி, நீர் உள்ளே நிரப்பும் தூரிகை, விரல்நுனி வெட்டிய கையுறை, உட்கார ஒரு துண்டு ரப்பர் விரிப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. தாளை நிறுத்தி வரையும் முக்காலிச் சட்டம் வேண்டவே வேண்டாம்.

மலைப்பகுதியில் ஒரு பாலத்தை வரைந்துகொண்டிருந்த என் நண்பரைச் சீருடையணிந்த ஒருவர் தடுத்துவிட்டாராம். வரைவதும் குற்றமா?
— முனிர்க்கா வாசகர்

குடிலை வரைவது குற்றமல்ல. ஆனால் 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியங்கள் சட்டம், எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடத்தையும் கோட்டோவியத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; புகைப்படக் கருவி மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். எல்லைக்கு அருகில் பாலம், இராணுவ முகாம், தகவல் தொடர்புக் கோபுரம் ஆகியவற்றைப் படத்தில் சேர்க்காதீர்கள். யாராவது கேட்டால் ஏட்டைத் திறந்து காட்டிவிடுங்கள், வாதாடாதீர்கள்.

ஆட்டிடையர்களின் குடிசைகளையும் வரையலாமா?
— லட்சுமிபாய் நகர் வாசகி

கேட்டுவிட்டு வரையலாம், விடுதிகளைவிட அவை அழகானவையும்கூட. கோடைக்கு மட்டும் தங்கும் இடம் என்பதால், கிடைத்த கல்லையும் மரத்தையும் கொண்டே கட்டியிருப்பார்கள். ஆனால் அது ஒருவருடைய வீடு. தொலைவிலேயே நின்று குரல் கொடுங்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்க, அங்குள்ள போட்டியா நாய்கள் சிறுத்தையையே எதிர்க்கப் பழகியவை, அவற்றின் கழுத்தில் முள் பதித்த இரும்புப் பட்டை இருக்கும். வரைந்ததை அவர்களுக்குக் காட்டுங்கள். கேட்டால் இன்னொன்று வரைந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் மகன் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறான். அடுத்த ஆண்டு போகிறேன். அங்கே மலைக்குடில்கள் நிறைய உண்டாமே?
— துவாரகா வாசகர்

உங்கள்மேல் எனக்குப் பொறாமை. அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை மட்டும் 950க்கு மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. இவற்றில் பல, சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவையே அல்ல. ஐரோப்பியர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகிக் காட்டை மேய்ந்து அழித்ததால், அவற்றைச் சுட அரசே ஆட்களை அமர்த்தியது. அந்த வேட்டைக்காரர்கள் தங்குவதற்காக வனத்துறை ஆழ்ந்த காட்டில் எழுப்பிய சிறு குடில்கள், 1987இல் இந்தத் துறை உருவானபோது அதன் கைக்கு வந்தன. நான்கு அல்லது ஆறு படுக்கைகள், ஒரு மேசை, ஒரு கணப்பு, அவ்வளவுதான். ஏன் அங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் வைத்திருக்கும் கட்டடங்கள் குறைவு.

பல குடில்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தொலைவிலிருந்து கண்ணில் படுவதற்கு அது உதவுகிறது. பச்சைக் காட்டுக்கு நடுவே அந்த ஆரஞ்சை வரையும்போது, மற்ற வண்ணங்களை மங்க வைத்து, குடிலுக்கு மட்டும் தூய வண்ணத்தைக் கொடுங்கள். அயோராக்கி மவுண்ட் குக் பகுதியில் சுமார் 1,800 மீட்டரில் இருக்கும் முல்லர் குடில் சிவப்பு. அதற்கு ஏறும் பாதை செங்குத்தானது, வானிலை பார்த்துத்தான் போக வேண்டும். புகழ்பெற்ற பாதைகளில் முன்பதிவு கட்டாயம். சாதாரணக் குடில்கள் பலவற்றுக்குச் சீட்டோ ஆண்டு அனுமதியோ வாங்கினால் போதும், முதலில் வருகிறவருக்குப் படுக்கை. சமைத்துப் போட ஆள் கிடையாது. அடுப்பும் அரிசியும் உங்களுடையவை. குடிலில் உள்ள பதிவேட்டில் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று தவறாமல் எழுதுங்கள், தேட நேர்ந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். விமான நிலையத்தில் நடைக்காலணியைப் பற்றி அறிவிக்க வேண்டும், அதில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஊறுகாயும் பொடியும் அறிவிக்க வேண்டியவையே.

சுவிட்சர்லாந்து இதற்கு மாறானது. அங்கே 1863இல் தொடங்கிய ஆல்பைன் சங்கத்தின் குடில்களில், பருவ காலத்தில் காப்பாளர் இருந்து இரவு உணவு பரிமாறுவார். 2009இல் அலுமினியத் தகடு போர்த்திக் கட்டிய மான்டே ரோசா குடிலைப் பார்க்கையில், அதை வரைவதா, அதில் தெரியும் வானத்தை வரைவதா என்ற மயக்கம் வரும்.

புகைப்படம் எடுத்து வந்து வீட்டில் வரைந்தால் ஆகாதா?
— ரோகிணி வாசகர்

ஆகும். ஆனால் கைப்பேசியின் அகலக் கோணம் முன்னால் உள்ள குடிலைப் பெரிதாக்கிப் பின்னால் உள்ள மலையைச் சிறிதாக்கிவிடும். விகிதங்களை மட்டுமாவது அங்கேயே பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகுமுன் தில்லியிலேயே பயிற்சி செய்ய இடம் உண்டா?
— கரோல் பாக் வாசகர்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபிரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் தில்லியின் காட்டு மேடுகளில் வேட்டை மாளிகைகளைக் கட்டினார். ஜண்டேவாலானில் பெரிய அனுமன் சிலைக்கு அருகே, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பூலி பட்டியாரி மகால் அவற்றில் ஒன்று. சாணக்யபுரிக்கு அருகே உள்ள மால்ச்சா மகால் இன்னொன்று. இரண்டும் மேட்டில் தனித்து நிற்கும் கல் கட்டடங்கள். கண்மட்டக் கோட்டுக்கும் அடித்தள மேடைக்கும் இவற்றைவிட நல்ல பயிற்சி நகரத்துக்குள் கிடைக்காது. காலை ஏழு மணிக்குக் குரங்குகள் விழிப்பதற்கு முன்னால் போகலாம் என்று எண்ணாதீர்கள், அவை உங்களுக்கு முன்பே விழித்திருக்கும். தின்பண்டம் எதையும் எடுத்துச் செல்லாமல், துணைக்கு ஒருவரோடு போய், பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள்.