வாசகர் கேள்வி – பதில்: கடலோரப் பாறைப் பிளவில் ஏறுவது எப்படி?

கேள்வி: ஹட்டனைச் சேர்ந்த நான் இப்போது இங்கிலாந்தில் படித்து வருகிறேன். உள்ளரங்கச் சுவர்களில் ஏறிப் பழகிவிட்டேன். கோர்ன்வால் கரையிலுள்ள சென்னன் பாறைக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள், ஏறத்தாழ 20 மீற்றர் உயரமான நடுத்தரக் கடினமுள்ள பிளவு ஒன்றில் கயிற்றைக் கீழிருந்து கொண்டுபோகும் முதல் ஆளாக என்னை ஏறச் சொல்கிறார்கள். கயிற்றை மாட்டுவதற்கு நிரந்தரமாகப் பதித்த போல்ட் எதுவும் பாறையில் இல்லையாம். விழுந்தால் கயிற்றைத் தாங்கும் கருவிகளை நாமே பிளவில் செருகிக்கொண்டு போக வேண்டுமாம். இதற்கு நான் தயாரா என்பதை எப்படி அறிவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் கைவலுவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ளரங்கச் சுவரில் பழகியவருக்கு அந்த வழியின் கடினம் பெரும்பாலும் எட்டக்கூடியதே. ஆனால், சுவரில் உங்களைத் தாங்கும் கொக்கிகளை வேறொருவர் பொருத்தி, சரிபார்த்தும் வைத்திருக்கிறார். சென்னனில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. ஆகவே, முதலில் அனுபவசாலி ஒருவருக்குப் பின்னால் இரண்டாம் ஆளாக ஏறி, அவர் செருகிய ஒவ்வொரு கருவியையும் கழற்றும்போது அது ஏன் அங்கே நின்றது என்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு தரையில் நின்றபடியே நீங்கள் செருகுபவற்றை அவரிடம் காட்டுங்கள். அவர் குறை சொல்வது நின்ற பின்னரே முன்னால் போங்கள். நண்பர்கள் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கருவிகளில் முக்கியமானவை இரண்டு. நட் என்பது கம்பிவடம் கோத்த உலோக ஆப்பு. பிளவு கீழ்நோக்கி ஒடுங்கும் இடத்தில் அதை மேலிருந்து இறக்கி, அதன் பக்கங்கள் கல்லில் நன்றாகப் படியும்படி அமர்த்தி, கீழ்நோக்கி ஒருமுறை வெடுக்கென இழுத்துப் பார்க்க வேண்டும். ஓரத்திலுள்ள ஒரேயொரு படிகத் துருத்தலில் மட்டும் அது தொங்குமானால், அதை இல்லாததாகவே கொள்ளுங்கள். பக்கங்கள் இணையாக ஓடும் பிளவில் நட் நிற்காது. அங்கே வில்சுருள் வைத்த கேம் கருவி உதவும். அமெரிக்கரான ரே ஜார்டின் உருவாக்கிய இக்கருவி 1978 இல் விற்பனைக்கு வந்தது. நீங்கள் விழும்போது ஏற்படும் கீழ்நோக்கிய இழுவையை, இருபுறச் சுவரையும் அழுத்தும் விசையாக அது மாற்றுகிறது. அந்த அழுத்தம் ஒவ்வொரு பக்கமும் இழுவையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கேம் உறுதியாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். தளர்ந்த கற்பலகையின் பின்னால் அதைச் செருகினால் பலகையையே பெயர்த்துவிடுவதற்கும் இதுவே காரணம். கயிறு அசையும்போது கேம் பிளவுக்குள் நகர்ந்து போய்விடலாம் என்பதால், அதனுடன் ஒரு நீண்ட பட்டியை இணைத்துக் கயிற்றை அதில் கோர்த்துவிடுங்கள்.

எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று கேட்பீர்கள். கடைசிக் கருவி உங்கள் இடுப்புக்கு 2 மீற்றர் கீழே இருந்தால், நீங்கள் விழுவது குறைந்தது 4 மீற்றர். கயிறு நீள்வதும் அதனுடன் சேரும். தரையை விட்டுக் கிளம்பியவுடன் இந்தக் கணக்கு மிகக் கடுமையானது. அதனால் முதல் சில மீற்றர்களில் நெருக்கமாகச் செருகுங்கள். கைகள் சோர்ந்த பின் இடம் தேடாமல், வசதியாக நிற்கும் இடத்திலேயே அடுத்ததைப் போட்டுவிடுங்கள்.

இனிப் பிளவைப் பற்றிப் பிடிக்கும் முறை. பெருவிரல் மேலே இருக்கக் கையை உள்ளே விட்டு, அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கினால், அதன் அடிச்சதை புடைத்துக் கையைக் கல்லோடு இறுக்கிவிடும். அப்போது விரல்களால் எதையும் இறுகப் பற்ற வேண்டியதில்லை. முழங்கையைத் தளர்த்தி, உடலைத் தொங்கவிடலாம். காலுக்கு, முழங்காலை வெளிப்புறம் சாய்த்துப் பாதத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, பின்பு முழங்காலை நிமிர்த்துங்கள். பாதம் முறுகி நின்றுவிடும். எடையைக் காலில் வைப்பவருக்கே பிளவு எளிதாகும். அப்பகுதிக் கருங்கல்லில் விரற்கணு அளவுள்ள வெண்ணிறப் படிகங்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவை புறங்கைத் தோலைக் கீறிவிடும் என்பதால் ஒட்டுப்பட்டி சுற்றிக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பிளவில் மோதிரம் சிக்கிய நிலையில் விழுந்தால் விரலே போய்விடும்.

கடலை மறக்க வேண்டாம். வற்றுப்பெருக்கு நேரங்களையும் அலையின் உயரத்தையும் முன்னதாகப் பார்த்துவிட்டே இறங்குங்கள். அலை எட்டக்கூடிய நாளாக இருந்தால், கீழே கயிறு பிடிப்பவரையும் பாறையோடு கட்டிவையுங்கள். காலையில் உப்பீரம் படிந்த கல் வழுக்கும். வெயிலும் காற்றும் உலர்த்தும் வரை காத்திருப்பது நல்லது. வீடு திரும்பியதும் உலோகக் கருவிகளை நன்னீரில் கழுவி உலர்த்தி, கேம்களின் மூட்டுகளுக்கு உரிய மசகிடுங்கள். உப்பு, பாறையில் நிரந்தரமாகப் பதித்த போல்ட்டுகளையும் அரிக்கும். வெளியே பளபளக்கும் துருப்பிடிக்காத உருக்கில்கூடக் கடலோரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாவதுண்டு. எனவே போல்ட் இல்லாத வழி என்பதற்காக அஞ்ச வேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேலே பெரிய பாறை ஒன்று உண்டு. இதே கருவிகளைக் கொண்டு எங்கள் இளைஞர்கள் அதில் பழகலாமா?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: அந்தப் பாறை முகத்தில் வேண்டாம். நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்றே சொல்கிறோம். ஆனால் மலையகத்துப் பாறைகளிற் பெரும்பாலானவை 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. பட்டை பட்டையாகப் படிந்த அமைப்புள்ள இவை, நீண்ட மழையில் உளுத்து, பலகைகளாகக் கழன்று நிற்பதுண்டு. பிளவுகளில் மண்ணும் பாசியும் அடைத்திருக்கும். கேம் பலகையைப் பெயர்க்கும் என்று மேலே சொன்னது இங்கேதான் மிகவும் பொருந்தும். அதைவிட, பாறை விளிம்புகளின் அடியில் குளவிக் கூடுகள் தொங்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி மாண்டதை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன; கயிற்றில் தொங்குபவரால் ஓடித் தப்பவும் முடியாது. பாறையடியில் முனியாண்டியோ மாடசாமியோ இருந்தால் அங்கே ஏறுவது ஊரார் மனத்தையும் நோகடிக்கும்.

ஆனால் பழகவே வழியில்லை என்று நினைக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஆள் உயரத்துக்கும் குறைவான, நிலத்தில் உறுதியாகப் பதிந்த, பிளவுள்ள உருண்டைக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் நட் ஒன்றைச் செருகி, கால் நுழையும் வளையமாக ஒரு பட்டியைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஏறி நின்று பார்க்கட்டும். கருவி கழன்று முகத்தில் அடிக்கக்கூடும் என்பதால், தலைக்கவசம் அணிந்து, முகத்தை விலக்கிக்கொண்டே எடையை ஏற்ற வேண்டும். எது கழன்றது, ஏன் கழன்றது என்பதை அவர்களே சொல்லும் வரை கேம் பக்கம் போக வேண்டாம். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை கனமானது; மாசி, பங்குனியில் கல் உலர்ந்திருக்கும்போது தொடங்குங்கள்.