எம்பி3 செத்துப்போச்சா? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் இருக்கன். எங்கட அப்பா அண்ணாவியார், வடமோடிக் கூத்து பழக்கினவர். அவர் பாடின கூத்துப்பாட்டு எல்லாத்தையும் 2008ல டவுன்ல ஒரு கடையில குடுத்து கசெட்டில இருந்து எம்பி3யா மாத்தி எடுத்தம். இப்ப ஒரு பென் ட்ரைவ்லயும் தம்பிட லெப்டொப்லயும் கிடக்கு. தம்பி சொல்றான் எம்பி3 செத்துப்போன ஃபோர்மட்டாம், கண்டுபிடிச்ச ஆக்களே கைவிட்டுட்டாங்களாம், எல்லாத்தையும் வேற ஒண்டுக்கு கன்வேட் பண்ணிட்டு பழச டிலீட் பண்ணப்போறானாம். விடலாமா? கசெட் 14 இன்னும் ட்ரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு.

அன்புள்ள தங்கச்சி,

முதல்ல தம்பிய நிப்பாட்டுங்க. டிலீட் மட்டும் வேணாம். மறுகா ஆறுதலா கதைப்பம்.

அவர் சொன்னதுல பாதி சரிதான். ஜேர்மனில எர்லாங்கன் எண்ட ஊர்ல இருக்கிற ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் அவரோட இருந்தவங்களும் வருசக்கணக்கா உழைச்சதுலதான் எம்பி3 வந்தது, ஃபைலுக்கு அந்தப் பேர முடிவெடுத்தது 1995 ஜூலையில. 2017 ஏப்ரல்ல அதே நிறுவனம் லைசன்ஸ் குடுக்கிறத நிப்பாட்டிச்சு, அத பாத்துட்டு நியூஸ்காரர் எல்லாம் எம்பி3 செத்துப்போச்செண்டு எழுதிப்போட்டாங்க. நடந்தது என்னெண்டா பேட்டன்ட் காலம் முடிஞ்சுது, காசு வாங்கிறதுக்கு வழியில்ல, அவ்வளவுதான். இப்ப யாரும் யாருக்கும் ஒரு சதம் குடுக்காம எம்பி3 ஓடுற சாமான் செய்யலாம். இத சாவெண்டு சொல்றத என்னால ஏத்துக்கொள்ள ஏலாது.

ஆனா மவுசு குறைஞ்சது உண்மை, அத மறைக்கக் கூடாது. யூடியூப்ல நாம கேக்கிறது ஏஏசி, ஓபஸ் எண்ட வேற வகை, அதுகள் அதே சைஸ்ல எம்பி3ய விட தெளிவா கேக்கும். அதோட பாட்ட ஃபைலா வெச்சிருக்கிற பழக்கமே ஆக்களுக்கு விட்டுப்போச்சு, டேட்டா போட்டு கேட்டுட்டு போறாங்க. எண்டாலும் கல்முனை பஸ்ல ஏறிப்பாருங்க, டிரைவர்ட தலைக்கு மேல இருக்கிற செட்ல குத்தியிருக்கிற பென் ட்ரைவ்ல என்ன இருக்கு? கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்ட வாற பொடியன் கொண்டுவாறது என்ன? அந்தப் பழைய செட் பலதுக்கு எம்பி3ய விட்டா வேற ஒண்டும் விளங்காது.

இப்ப உங்கட அப்பாட பாட்டுக்கு வருவம். எம்பி3 எப்படி சின்னதாகுதெண்டா, ஒரு பெரிய சத்தம் கேக்கிற நேரம் அதுக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன சத்தம் நம்மட காதுக்கு ஏறாது, மத்தளம் ஓங்கி விழுற நேரம் பிற்பாட்டுக்காரர்ட மூச்சு கேக்குமா? கேக்காது. அந்தக் கேக்காதத கழிச்சுப்போடுறதுதான் வேலை. சிடில 5 நிமிசப் பாட்டு 53 எம்பி வரும், 128 கேபிபிஎஸ் (ஒரு செக்கனுக்கு 128 கிலோபிட்) எம்பி3ல அது 5 எம்பிக்கும் குறைவு. இதுல அடிவாங்கிறது சல்லரி, கூத்தில தட்டுற அந்தத் தாளம். கிண்ணெண்டு கேக்க வேண்டியது தண்ணிக்குள்ள கிடந்து சலசலக்கிற மாதிரி வரும், உங்கட ஃபைல்ல வரவுத் தாளம் வாற இடத்த ஹெட்போன் போட்டு கேளுங்க, விளங்கும். அப்படிக் கழிச்சது திரும்ப வராது தங்கச்சி. 128ல இருக்கிறத 320 ஆக்கினா சைஸ் ரெண்டரை மடங்கு பெருகும், சல்லரி அப்படியேதான் இருக்கும். சத்தத்த கழிக்காம சுருக்கிற ஃப்ளாக் எண்ட வகைக்கு மாத்தினாலும் அதே கதைதான், ஒண்டும் குறையாது ஒண்டும் கூடாது. ஏஏசிக்கோ ஓபஸுக்கோ மாத்தினா இன்னொருக்கா கழிபடும். தம்பி செய்யப்போறது இதத்தான் எண்டு நினைக்கன்.

எனக்கு இது வயிறெரிஞ்சு தெரிஞ்ச விசயம். கல்லடியில மாமாட வீட்டில அவர் பாடின கண்ணகி வழக்குரை கசெட் ஒரு அலுமாரி நிறைய இருந்தது, 2004 டிசம்பர் 26 சுனாமில வீட்டோட போச்சு. மிஞ்சினது அக்கரைப்பற்றில ஒரு கூட்டாளிக்கு எம்பி3யா அடிச்சுக் குடுத்த ஒரேயொரு சிடி. சின்ன ஃபைல் எண்டபடியாத்தானே அவ்வளவும் ஒரு சிடில ஏறி ஊர் தாண்டிப் போய்க் கிடந்தது, அதுக்காகவே எம்பி3ய நான் ஒருநாளும் குறைச்சுக் கதைக்க மாட்டன். மறுகா நான் என்ன செஞ்சன், போன்ல 1 ஜிபி மெமரி கார்டுக்குள்ள அடக்கணுமெண்டு எல்லாத்தையும் 64 கேபிபிஎஸுக்கு இறக்கினன், சிடில இருந்தத வேற எங்கயும் கொப்பி எடுத்து வெக்கல்ல, ரெண்டு வருசத்தில சிடி உரிஞ்சு போச்சு. இப்ப என்கிட்ட இருக்கிறது அந்த 64தான். மாமாட குரல் தகரத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும்.

உங்களுக்கு கசெட் இருக்கே, அதுதான் பெரிய விசயம். இருக்கிற எம்பி3ய தொடாம அப்படியே இன்னும் ரெண்டு இடத்தில, ஒண்டு வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரர் வீட்டில, கொப்பி போட்டு வையுங்க. கசெட்ட புதுசா ரெக்கோட் பண்ணணும், இந்த முறை ஒண்டும் சுருக்காத வேவ் ஃபைலா. 60 நிமிசக் கசெட் ஒண்டு ஏறக்குறைய 635 எம்பி, 14ம் சேர்த்து 9 ஜிபி கூட வராது. அத ஃப்ளாக் ஆக்கினா சத்தத்தில ஒண்டும் போகாம இன்னும் சுருங்கும். சொந்தக்காரருக்கு, பஸ்காரருக்கு, கோயிலுக்கு குடுக்கிறதுக்கு அதுல இருந்து எம்பி3 அடிங்க, வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கும் எந்த போன்லயும் ஓடும்.

பெட்டிய திறந்து நாடாவுல வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிருக்கா எண்டு பாருங்க, பிடிச்சிருந்தா ஓட விடவேணாம், அத தனியா எடுத்து வையுங்க. ட்ரங்குப் பெட்டி நிலத்தில இருந்தா மேல தூக்கி வையுங்க, மாரி வரப்போகுது. என்கிட்ட நல்ல கசெட் டெக் ஒண்டு இருக்கு, ஹெட் துடைச்சுத்தான் வெச்சிருக்கன். அப்பாக்கு ஏலுமான ஒரு நாள சொல்லுங்க, கொண்டுவாறன். அவர் பக்கத்தில இருந்தா எந்தப் பாட்டு எந்தக் கூத்தில வாறதெண்டு அவரே சொல்லச்சொல்ல பேர் எழுதலாம்.