டைப் 1 சுகர்ல ஊசியில இருந்து இன்சுலின் பம்புக்கு மாறினா என்ன வித்தியாசம்?

பம்புங்கிறது பழைய பேஜர் சைஸ்ல ஒரு மெஷின், அதுல இருந்து மெல்லிசா ஒரு ட்யூப் வயித்துத் தோலுக்கு அடியில இன்சுலினைக் கொண்டு போகும், தோல்ல குத்தியிருக்கிற அந்தச் சின்னக் குழாயை 2-3 நாளைக்கு ஒருதடவை இடம் மாத்திக் குத்தணும்.

ஏன் மாறுறாங்கன்னா, நல்லா இருக்கிற கணையம் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா இன்சுலின் விட்டுட்டே இருக்கும், சாப்பிட்டா கூடுதலா விடும். ஊசியில நீண்ட நேரம் வேலை செய்ற இன்சுலினை ஒரே தடவையா போட்டுடுறோம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. வயலுக்கு மடை திறந்து விடுறதுக்கும் சொட்டுநீர் விடுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். பம்பு இருந்தா, விடியக்காலை 4 மணிக்கு சுகர் ஏறுற பிள்ளைக்கு அந்த நேரத்துக்கு மட்டும் கூட்டி வைக்கலாம், விளையாடப் போறப்போ குறைச்சுக்கலாம். பேனா ஊசியில அரை யூனிட்டுக்குக் கீழ போக முடியாது, பம்புல 0.05 யூனிட் கூட போகும், சின்னக் குழந்தைங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு பெத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு, தயவுசெஞ்சு இதை மறக்காதீங்க. பம்புல வேகமா வேலை செய்ற இன்சுலின் மட்டும்தான் இருக்கு, ட்யூப் மடங்கினாலோ கழண்டாலோ சில மணி நேரத்துலயே கீட்டோன் (இன்சுலின் இல்லாதப்போ ரத்தத்துல சேருற அமிலம்) ஏறி ஆபத்தாயிடும், அதனால பையில ஒரு பேனா ஊசி எப்பவும் இருக்கணும். மாறுற அன்னைக்குப் பழைய ஊசி மருந்து உடம்புல மிச்சம் இருக்கும், எப்போ ஆரம்பிக்கணும் எவ்ளோ அளவுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

பம்பு மாட்டிட்டா எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, சுகரை அளக்குற சென்சாரோட சேர்ந்து தானா அளவைக் கூட்டிக் குறைக்கிற புது மாடல்ல கூட 3 இட்லி சாப்பிடப் போறோம்னா அதோட மாவுச்சத்துக் கணக்கை பெரும்பாலும் நாமதான் போட்டுச் சொல்லணும்.