வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா?

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலாளர் மீதுள்ள கோபம்தான் காரணம் என்றால், வேறு வேலை தேடுங்கள். அப்படி இல்லையென்றால், வேலையில் இருக்கும்போதே சின்ன அளவில் விற்றுப் பாருங்கள். நண்பர்கள் பாராட்டுவது கணக்கில் வராது. முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கி, இரண்டாம் முறையும் தேடி வருகிறாரா?

அப்புறம் கைக்காசு. லாபம் வேறு, கையில் பணம் இருப்பது வேறு. சரக்குக்கு இன்றே பணம் கட்டுவீர்கள், விற்ற பணம் 60 நாள் கழித்து வரும். நன்றாக ஓடும் தொழில்கூட இந்த இடைவெளியில்தான் திணறும். அதனால் ஓராண்டு வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் தனியாக எடுத்து வையுங்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைத் தொழிலில் போடாதீர்கள்.

வேலை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள், பக்கத் தொழிலுக்குத் தடை இருக்கலாம்.