அப்பா அம்மாவுக்கு முதல் ராக் கச்சேரிப் படம்

அறுபது தாண்டிய அப்பா அம்மாவை ராக் கச்சேரிப் படத்துக்குக் கூட்டிப் போனால் சத்தம் தாங்காமல் பாதியில் எழுந்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள். எந்தப் படம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' (1984) பாருங்கள். வெறும் மேடைக்கு ஒருவர் மட்டும் கிட்டாரோடு வந்து பாடுகிறார். அடுத்த பாட்டுக்கு இன்னொருவர், அப்புறம் இன்னொருவர் என்று குழு கண்ணெதிரே சேர்கிறது. எந்த ஓசை எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்பது ராக் கேட்டே பழகாதவருக்கும் பிடிபட்டுவிடும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தும் விடும். என் அம்மா மூன்றாவது பாட்டிலேயே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்!

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவைப் பற்றிய 'கிம்மி ஷெல்ட்டர்' (1970) மிக நல்ல படம்தான், ஆனால் இப்போது வேண்டாம். 1969-இல் அமெரிக்காவின் ஆல்டமாண்டில் நடந்த அவர்கள் கச்சேரியில் ஒருவர் கத்தியால் குத்தப்படுவது அதில் பதிவாகியிருக்கிறது. அதே பெயருள்ள இசை விழாவைப் பதிவுசெய்த 'வுட்ஸ்டாக்' படம் மூன்று மணி நேரம் ஓடும், நிர்வாணக் காட்சிகளும் உண்டு.

சத்தத்துக்கு, நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள். காதில் வைக்கும் நுரை அடைப்பான் இரண்டு ஜோடி கையில் இருக்கட்டும். பாட்டு ஓடும்போது விளக்கம் சொல்ல வேண்டாம், அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள்.