வோல்டேஜ ஏத்தினா சிக்னல் தூரம் போகுமா? பெங்களூரு நண்பர்கள் கேட்டதுக்கு பதில்

கேள்வி (அல்சூர்): அண்ணா, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல வாங்கின 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் மாட்யூல மொட்டைமாடி டேங்க் சென்சாருக்கு போட்டேன், 5 வோல்ட்ல கீழ்வீட்டுக்கு சிக்னல் வரல. 12 குடுக்கலாமா?

பதில்: அந்த சின்ன சதுர போர்டு பெரும்பாலும் 12 வோல்ட் தாங்கும் தம்பி, இருந்தாலும் கம்பெனி குடுக்கற விவரத்தாள் (டேட்டாஷீட்) பாத்துக்கோ. உள்ள வோல்டேஜ ஒரே அளவுல வெக்கற ரெகுலேட்டர் கிடையாது, அதனால வோல்டேஜ் ஏறினா பவரும் ஏறும், அதுவும் வர்க்கக் கணக்குல. 5லேர்ந்து 12ன்னா 2.4 மடங்கு, அதோட வர்க்கம் 5.76, அதாவது பவர் எத்தன மடங்குன்னு சொல்ற டெசிபல் கணக்குல 7.6 டெசிபல், இது பேப்பர்ல வர்றது, கையில கம்மியாதான் கிடைக்கும், நாலு மாடி கான்கிரீட் அதையும் தின்னுடும். லைசென்ஸ் இல்லாம இந்த பேண்ட்ல 10 மில்லிவாட்தான் அனுமதி, அதையும் மனசுல வை. முதல்ல ரெண்டு பக்கமும் 17.3 சென்டிமீட்டர் ஒயர ஆன்டெனாவா நேரா சால்டர் பண்ணு, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும்.

கேள்வி (கோரமங்களா): என்ஆர்எஃப்24ன்னு வர்ற சின்ன ரேடியோ மாட்யூலுக்கும் 5 வோல்ட் குடுத்தா பவர் கூடுமா?

பதில்: குடுத்துடாதீங்க, 3.6க்கு மேல சிப் போயிடும். இதுல பவர புரோகிராம்லதான் செட் பண்ணணும். ரேஞ்ச் வரலன்னா சப்ளை பின் பக்கத்துல 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒண்ணு போடுங்க.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): சார், கார்ல 100 வாட் எச்எஃப் ரிக் (ஹாம் ரேடியோ செட்) வெச்சிருக்கேன். இன்ஜின் ஆஃப்ல பேசினா குரல் உடையுதுன்னு எதிர்ல இருக்கறவர் சொல்றார். பவர் கம்மியானதுனாலயா?

பதில்: பவர் கம்மியானதுனால இல்ல சார், இத நிறைய பேர் குழப்பிக்கறாங்க. 13.8 வோல்ட் ரிக் 11.7ல ஓடினா 100 வாட் சுமார் 72 ஆகும், 1.4 டெசிபல் நஷ்டம். சிக்னல் பலம் காட்டற எஸ் மீட்டர்ல ஒரு யூனிட்டே 6 டெசிபல், அப்போ அவரோட முள்ளு அசைஞ்சதே தெரியாது. ஆனா சைட்பேண்ட்ல (எச்எஃப்ல குரல் அனுப்பற முறை) நீங்க சத்தமா பேசுற நொடியில ஃபைனல் ஸ்டேஜுக்கு (ரிக்கோட கடைசி பவர் ஆம்ப்ளிஃபையர்) போதுமான வோல்டேஜ் இல்லாம அலையோட உச்சி வெட்டுப்படுது, உடையற சத்தம் அதுதான், பக்கத்து ஃப்ரீக்வென்சில இருக்கறவங்களுக்கும் தொந்தரவு. மீட்டர பேட்டரில வைக்காம ரிக் பின்னாடி வெச்சு, பேசிட்டே அளந்து பாருங்க. போக வர ஒயர் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் இருந்தாலே 20 ஆம்பியர்ல 2 வோல்ட் வழியிலயே காணாம போயிடும். தடிமனான ஒயர ஃப்யூஸோட நேரா பேட்டரிலேர்ந்து இழுங்க, சிகரெட் லைட்டர் சாக்கெட்ல குத்தறது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

கேள்வி (ஜெயநகர்): அப்போ சப்ளைய 15 வோல்ட்டுக்கு ஏத்திட்டா?

பதில்: ரொம்ப ரிக்குக்கு 13.8ல 15 சதவீதம் ஏற இறங்க ஓகே, அதனால உடனே எரியாது. ஆனா கணக்குப்படியே கிடைக்கறது 0.7 டெசிபல், அதையும் ரிக்கோட பவர் கண்ட்ரோல் அமுக்கிடும், மிச்சம் சூடுதான். அந்த காசுக்கு ரிக்லேர்ந்து ஆன்டெனாவுக்கு போற நல்ல கோஆக்ஸ் கேபிள் வாங்கி ஆன்டெனாவ பத்தடி உசத்துங்க.