கோஸ்ல வைட்டமின் கே எவ்வளவு இருக்குன்னு வீட்லயே அளக்கலாமா?

கேத்தியில இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க, அப்பாவுக்கு ஹார்ட் வால்வு மாத்தி அசிட்ரோம் (ரத்தம் உறையாம இருக்க குடுக்குற மாத்திரை, வைட்டமின் கே அதோட வேலைய குறைக்கும்) சாப்பிடுறாராம், கீரை காய் எல்லாம் பாத்து சாப்பிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம், தோட்டத்துல விளையுறதே கோஸ், கேரட், பீட்ரூட் தான், வைட்டமின் கே அளக்க எதாவது கிட் இருக்கான்னு.

வீட்ல அளக்குற சமாச்சாரம் இல்லைங்க இது. காய்கறில இருக்குறது வைட்டமின் கே1ங்கிற வகை, 100 கிராம் காய்ல மைக்ரோகிராம் கணக்குல தான் இருக்கும், வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும். அதனால லேப்ல மங்கின லைட்ல அரைச்சு, கரைப்பான் ஊத்தி பிரிச்செடுத்து, பச்சையத்தை நீக்கிட்டு ஹெச்பிஎல்சின்னு கலவைல இருக்குற பொருளை தனித்தனியா பிரிக்கிற மெஷின்ல ஏத்துவாங்க. கே1 தானா ஒளிராது, அதை துத்தநாகத் தூள் வழியா அனுப்பி ஒளிர வச்சு, அந்த ஒளிய வச்சு தான் அளவு சொல்வாங்க.

சரி, அவ்ளோ செஞ்சு வர்ற நம்பர் எந்த இலையோடது? பச்சையம் இருக்குற இடத்துல தான் கே1 அதிகமா இருக்கும், அதனால கோஸோட வெளி பச்சை இலைல உள்ள இருக்குற வெள்ளை இலைய விட பல மடங்கு ஜாஸ்தி. அமெரிக்க வேளாண்துறை டேபிள்ல 100 கிராம் பச்சை கோஸுக்கு சுமார் 76 மைக்ரோகிராம், கேரட்டுக்கு 13, பீட்ரூட் கிழங்குல 1 கூட இல்ல, ஆனா அதே செடியோட கீரைல 400! கிழங்க பாத்து பயந்துட்டு கீரைய தாராளமா பொரியல் பண்றவங்க நிறைய பேர். நம்ம ஊர் காய்க்கு ஹைதராபாத் என்ஐஎன் (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) 2017ல போட்ட டேபிள் இருக்கு, அத பாருங்க, கே1 அதுலயும் இருக்கு. வேக வச்சா குறைஞ்சிடும்னு நினைக்காதீங்க, சூட்டுக்கு இது பெருசா அசராது.

என்னைக் கேட்டா அப்பாவுக்கு அளக்க வேண்டியது கோஸ இல்ல, ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட். கீரைய மொத்தமா நிறுத்த வேணாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடட்டும், ஒரு வாரம் சுத்தமா இல்லாம அடுத்த வாரம் அறுவடைன்னு மூணு வேளையும் போட்டா தான் சிக்கல். சாப்பாடு மாறுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஐஎன்ஆர் பாத்துக்கோங்க, மாத்திரைய நீங்களா கூட்டி குறைக்காதீங்க.

இல்லங்க, லேபுக்கு அனுப்பியே ஆகணும்னா, சாப்பிடுற மாதிரியே வெளி இலையும் உள் இலையும் சேர்ந்த கால் துண்டா வெட்டி ஃபாயில்ல சுத்தி குடுங்க, ரிசல்ட் பச்சைக்காய் எடைக்கா காஞ்ச எடைக்கான்னு கேட்டு வாங்குங்க, கோஸ்ல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல தண்ணி தான், மாத்தி படிச்சா நம்பர் பத்து மடங்குக்கு மேல எகிறும்.